எப்படித் தெரியும் என்று கேள்

அன்புள்ள கயல்,

சாப்பாட்டைப் பற்றிய புத்தகங்களாகத் தேடிப் படிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்துபோனது. ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உணவைப் பற்றி எழுதுகிறவர்களில் ஊகத்தை உண்மைபோல எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தினமும் சாப்பிடுகிற பொருள் என்பதால் நாமும் சட்டென்று நம்பிவிடுகிறோம். எதைப் படித்தாலும், "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே படி.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குப் பாத்திரம் பண்டத்தோடு கொடுத்தனுப்பிய புத்தகம். அந்த அம்மாள் அடுப்படியில் புழங்கிய கையால் எழுதியவர். பலம், ஆழாக்கு என்று அவர் சொன்ன அளவுகளை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் அது ஒரு சமூகத்தின் சைவச் சமையல். கருவாட்டுக்கும் கறிக்குழம்புக்கும் அங்கே இடமில்லை. அதை வைத்துத் 'தமிழர் சமையல் இதுதான்' என்று யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளாதே. உன் அப்பத்தா வைக்கிற மீன்குழம்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நின்று நீதான் எழுதி வைக்க வேண்டும், புளி எவ்வளவு என்பது உட்பட.

கே.டி. அச்சயா எண்ணெய் வித்துகளை ஆராய்ந்த வேதியியலாளர். இந்திய உணவின் வரலாற்றை அவர் 1994இல் தொகுத்துத் தந்தார். அதில் இட்லியைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படி. 920ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நூலான 'வட்டாராதனெ'யில் 'இட்டலிகெ' வருகிறது. பழைய நூல்கள் சொல்வது உளுந்துப் பலகாரம். அரிசி சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது அவற்றில் இல்லை. இதுவரை சான்று. அந்த முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய அனுமானம். எடுத்துச் சொன்னவர்கள் 'கலாம்' என்பதை உதறிவிட்டார்கள். இன்று அது முடிந்த முடிவுபோல உலவுகிறது.

சில விஷயங்களை நீயே சோதித்துக்கொள்ளலாம். இறைச்சியை முதலில் அதிகச் சூட்டில் வதக்கினால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்பது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொல்லி நிலைத்துப்போன எண்ணம். ஹெரால்டு மெக்கீ 1984இல் வந்த தம் புத்தகத்தில் அதைத் தவறென்று காட்டினார். வாணலிக்குக் காதுகொடுத்துக் கேள். வதங்கிச் சிவந்த பிறகும் 'சொய்' என்ற சத்தம் நிற்காது. அது இறைச்சியின் நீர் வெளியேறிக் கொதிக்கிற சத்தம். வதக்குவது வாசனைக்கும் நிறத்துக்கும்தான்.

இவை எல்லாவற்றையும்விட நீ அவசியம் படிக்க வேண்டியது சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய சர்க்கரை வரலாறு. புவேர்ட்டோ ரிக்கோவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களோடு 1948இலிருந்தே பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் அவர். 1650 வாக்கில் இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்த சர்க்கரை, 1850க்குள் ஆலைத் தொழிலாளியின் தேநீருக்கு இறங்கி வந்ததையும், அதற்காகக் கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் மாண்டதையும் ஒரே கணக்கில் வைத்துக் காட்டுகிறார். வெட்டியவன் வேறு, குடித்தவன் வேறு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அடிமைமுறை ஒழிந்தபின் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நட்டாலுக்கும் கரும்பு வெட்டக் கப்பலேறியவர்களில் நம் சனங்கள் எத்தனையோ பேர். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு அவர்களைப் பற்றித் தேடிப் படிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அதன் முதல் அத்தியாயம் கோட்பாடு, கொஞ்சம் இழுக்கும். கரும்புத் தோட்டமும் ஆலையும் வருகிற இரண்டாவதிலிருந்து தொடங்கு. பிறகு முதலாவதுக்குத் திரும்பிக்கொள்ளலாம். என் பிரதியில் ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. என் குறிப்புகளுக்குக் கீழேயே உன் கேள்விகளையும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா