அடைமழைக்கு ஒரு பேட்டரி சார்ஜர்

காட்டுப்பன்றிக்குச் சோலார் வேலி போட்டவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் சோதனை. நாலு நாள் வெயில் இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும். மக்காச்சோளமும் மரவள்ளியும் பன்றிக்கு விருந்துதான். வீட்டு கரண்டில் ஏற்றிக்கொள்ள நான் செய்து வைத்திருக்கும் சார்ஜர் இது. மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் கார் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும்.

தேவையானவை:
* 230 வோல்ட்டை 15 வோல்ட்டாக்கும் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்
* 25 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிபயர், அதை முடுக்க அலுமினியத் தகடு
* 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு
* 1 ஆம்பியர், 5 ஆம்பியர் பியூஸ் ஒவ்வொன்று
* மூன்று முள் பிளக், இரண்டு முதலைக் கிளிப், இரும்புப் பெட்டி

வீட்டு கரண்ட், 1 ஆம்பியர் பியூஸ் வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் போகும். 15 வோல்ட் பக்கத்து இரண்டு ஒயரும் ரெக்டிபயரின் ஏசி முனைகளுக்கு. ரெக்டிபயரின் பிளஸ்ஸிலிருந்து 5 ஆம்பியர் பியூஸ், பல்பு, பிறகு சிவப்புக் கிளிப். மைனஸிலிருந்து நேராகக் கறுப்புக் கிளிப். பெட்டிக்கும் டிரான்ஸ்பார்மர் இரும்புக்கும் எர்த் கட்டாயம்.

பல்புதான் இதில் காவல்காரன். கரண்ட் அளவுக்கு மீறாமல் பிடித்துக்கொள்ளும். பேட்டரி ஏற ஏற வெளிச்சம் மங்கும். ஆனா, இது தானாக நிற்காது. மல்டிமீட்டரில் அடிக்கடி பாருங்க. 14.4 வோல்ட் வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பைக் கழற்ற வேண்டும். சில மணி நேரம் கழித்து 12.6 காட்டினால் முழுசா ஏறிவிட்டது. 12.2 என்றால் பாதி. வங்கிக் கணக்கு மாதிரி இதற்கும் குறைந்தபட்ச இருப்பு உண்டு. 12-க்குக் கீழே இறங்க விட்டால் பேட்டரியின் ஆயுசு குறையும்.

டிரான்ஸ்பார்மர் இல்லாமல், 230 வோல்ட் லைனில் டையோடும் குண்டு பல்பும் போட்டு ஏற்றும் பழக்கம் உண்டு. 500 ரூபாய் மிச்சம் பார்த்து அதைச் செய்யாதீங்க. பேட்டரி முனையைத் தொட்டாலே உயிர் போகும். பேட்டரியை வேலியிலிருந்து கழற்றி, தனியாக வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சார்ஜர் ஒயர் வேலிப் பக்கமே போகக்கூடாது.

ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்க. பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் ஆகாது.

முதல் தடவை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, புரட்டாசியிலேயே செய்து முடித்துவிடுங்க.