மண்ணைத் தோண்டாமல் வரலாறு தேடுவோம்

பூமிக்கடியில் புதைந்திருக்கும் காசுகளைத் தேடி, உலோகம் கண்டறியும் கருவியுடன் வயல்களில் நடப்பது சில மேலைநாடுகளில் பொழுதுபோக்காக இருக்கிறது. அவர்கள் முதலில் கையில் எடுப்பது கருவியை அல்ல, பழைய நிலப்படத்தை. எந்த வழியில் வண்டிகள் போயின, எங்கே சந்தை கூடியது, எந்தக் கிராமம் அழிந்தது என்பதை அது காட்டிவிடுகிறது. நம் ஊரிலும் இவ்வாறு செய்யலாமா? முதல் பாதியைத் தாராளமாகச் செய்யலாம். இரண்டாம் பாதியை, அதாவது தோண்டுவதை, ஏன் செய்யக்கூடாது என்பதற்கு இயற்பியலே காரணம் சொல்கிறது. திருவள்ளூருக்கு அருகிலுள்ள திருப்பாச்சூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைக் காண்போம்.

தாளின் எண் என்ன?

இந்தியாவின் நிலப்படங்களைத் தயாரிப்பது 1767இல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியா என்னும் நில அளவைத் துறை. மேடு பள்ளம், ஆறு, ஏரி, பாதை, கோயில் எல்லாவற்றையும் குறிக்கும் அதன் விரிவான படத்தைத் தலப்படம் என்கிறோம். பழைய தலப்படங்களில் ஒரு மைல் தூரம் ஓர் அங்குலமாக வரையப்பட்டது. மெட்ரிக் முறை வந்தபின் அளவு 1:50,000 ஆயிற்று. அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு. 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட பெரிய கட்டங்களுக்கு வரிசை எண் தரப்பட்டுள்ளது. வட அட்சம் 12° முதல் 16° வரை, கிழக்குத் தீர்க்கம் 76° முதல் 80° வரை உள்ள கட்டம் 57. இதை 1 பாகைக் கட்டங்கள் 16ஆகப் பிரித்து, வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக, ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த பத்தி என, ஆங்கில எழுத்துகளைச் சூட்டுகிறார்கள். அதையும் 15 கலைக் கட்டங்கள் 16ஆகப் பிரித்து, அதே முறையில் 1 முதல் 16 வரை எண்ணிடுகிறார்கள்.

திருப்பாச்சூர் ஏறத்தாழ 13° 8' வட அட்சத்திலும் 79° 53' கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. 13°க்கும் 14°க்கும் இடையே, 79°க்கும் 80°க்கும் இடையே வரும் கட்டம் பதினைந்தாவது எழுத்தான ஓ. அதற்குள் தென்கிழக்கு மூலைக் கட்டம் 16. ஆகவே திருப்பாச்சூரின் தாள் 57 ஓ/16. திருவள்ளூர், பூண்டி, அதிரம்பாக்கம் ஆகியவையும் இதே தாளில்தான் அடங்குகின்றன.

இல்லாததும் ஒரு செய்தி

ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் இல்லாத பொருளும் நமக்குச் செய்தி சொல்லும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய அளவையில் அங்கே நீலப் பரப்பு இருக்காது. கொசத்தலையாறும் கரையோர நிலங்களும் மட்டுமே இருக்கும். இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாகச் சென்ற இருப்புப்பாதை 1856இல் திறக்கப்பட்டது. ஆகவே திருவள்ளூர் இரயில் பாதை இருந்து, பூண்டி ஏரி இல்லாமல் ஒரு படம் கிடைத்தால், அதன் அளவை இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று நீங்களே முடிவு கட்டலாம்.

இதே முறையில், இன்று மனைகளும் தொழிற்கூடங்களும் நிற்கும் இடத்தில் முன்பு ஏரி இருந்ததா என்றும் பாருங்கள். வில்போல் வளைந்த ஏரிக்கரையைப் பழைய படத்தில் எளிதில் இனம் காணலாம். மழைக்காலத்தில் ஒரு தெருவில் மட்டும் தண்ணீர் தேங்குவதன் காரணம் சிலசமயம் அங்கே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் பூமியின் வடிவக் கணக்கைப் பின்பற்றியவை. உங்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. ஆகவே ஒரே அட்ச தீர்க்க எண், தரையில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிய இடத்தைக் காட்டக்கூடும். எண்ணை மட்டும் நம்பாமல், திருப்பாச்சூரின் தேவாரப் பாடல் பெற்ற வாசீசுவரர் கோயில், இரயில் பாலம் போன்ற மாறாத அடையாளங்களை வைத்து இரு படங்களையும் பொருத்துங்கள்.

பெயர் காட்டும் மேடு

தலப்படத்தின் குறியீட்டுப் பட்டியலில் கோயிலுக்கும் கல்லறைக்கும் இருப்பதுபோல, மக்கள் நீங்கிய கிராமத்துக்கும் தொல்சின்னத்துக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் நம் பகுதி சமவெளி. 1:50,000 படத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்படுகின்றன. மூன்று நான்கு மீட்டர் உயரமுள்ள பழைய குடியிருப்பு மேடு அந்த வலையில் சிக்காது. அங்கே ஊர் மக்கள் வழங்கும் பெயரே துணை.

திருவள்ளூரிலிருந்து திருப்பாச்சூர் வழியே திருத்தணி செல்லும் சாலையில் பட்டறைப்பெரும்புதூர் இருக்கிறது. அங்கே 2015-16இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கற்கருவிகள், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், உறைகிணறு ஆகியவை வெளிப்பட்டன. குழிகள் போடப்பட்ட இடங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆனைமேடு, நத்தமேடு, இருளன்தோப்பு. நத்தம் என்றால் குடியிருப்பு நிலம் என்று பொருள். வீடே இல்லாத மேட்டுக்கு அந்தப் பெயர் இருந்தால் ஆராய்ச்சியாளர் நின்று பார்ப்பார்.

கருவிக்குக் கேட்காத புதையல்

உலோகம் கண்டறியும் கருவியின் அடிப்படை, 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். கருவியின் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம் மண்ணில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இத்தகைய கருவியைத்தான் பயன்படுத்தினார். முயற்சி பலிக்கவில்லை, படுக்கையின் உலோகச் சுருள்கள் இடையூறு செய்தன.

சுருளிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே குறைகிறது. ஆகவே மொத்தத்தில் ஆறாம் மடி! ஆழம் இரு மடங்கானால் சைகை 64இல் ஒரு பங்காகிவிடும். அதனால் சிறு காசை ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இக்கருவி உணரும். கல், பானை ஓடு, செங்கல் எதையும் அது உணராது.

இனி அதிரம்பாக்கத்துக்கு வருவோம். திருப்பாச்சூருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவு, தாளில் 20 செ.மீ. 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்ட இராபர்ட் புரூஸ் புட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார். இருவரும் நிலப்பொதியியல் ஆய்வுத் துறையினர். உலகமே அறிந்த இந்த இடத்தில் உலோகக் கருவியுடன் நடந்தால், அங்குள்ள கற்கருவிகளில் ஒன்றுக்குக்கூட அது ஒலி எழுப்பாது.

மண்ணுக்குள் ஓடும் கடிகாரம்

அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. எப்படி அளந்தார்கள்? கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு, அதன் குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. ஆழமாகப் புதைந்தால் அந்த உற்பத்தி ஏறத்தாழ நின்றுவிடும். அலுமினியத்தின் அரை ஆயுள் சுமார் 7 இலட்சம் ஆண்டுகள். பெரிலியத்துக்குச் சுமார் 14 இலட்சம். முன்னது விரைந்து குறைவதால், இரண்டின் விகிதம் கல் புதைந்த காலத்தைச் சொல்கிறது.

அதே இடத்தின் மேலடுக்குகளை ஒளிர்தல் முறையில் அளந்து, அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியதை 2018இல் வெளியிட்டார்கள். மணல் துகள்கள் இருளில் கிடக்கும் காலத்தில் சேமிக்கும் ஆற்றலை அளப்பது இம்முறை. சூரிய ஒளி பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். அதனால் மாதிரியை ஒளி படாமல் எடுக்கிறார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஆசையால் ஒருவர் மண்வெட்டியைப் போட்டால் என்ன ஆகும்? மண்ணடுக்கு கலையும், துகள்மீது வெயில் படும், கடிகாரம் அழியும். கையில் ஒரு கல்லோ காசோ மிஞ்சும். அது எந்தக் காலத்தது, எதனோடு கிடந்தது என்ற செய்தி மிஞ்சாது. கலைந்த அடுக்கை எந்தத் துறையாலும் மீண்டும் அடுக்க முடியாது.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

செய்து பாருங்கள்

1. கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 13° 24' வட அட்சம், 80° 7' கிழக்குத் தீர்க்கத்தில் உள்ளது. 57க்குக் கிழக்கே, 80° முதல் 84° வரை உள்ள பெரிய கட்டத்தின் எண் 66. அவ்வூரின் தாள் எண் என்ன?

2. உங்கள் ஊரின் தாள் எண்ணைக் கணக்கிடுங்கள். பள்ளிப் புவியியல் ஆசிரியரிடம் தலப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்க இராணுவம் 1950களில் வெளியிட்ட 1:2,50,000 அளவுப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

3. ஊரைச் சுற்றியுள்ள மேடு, நத்தம், தோப்பு, ஏரி ஆகியவற்றின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு மெல்லிய தாளில் படத்தின்மேல் குறியுங்கள்.

4. பானை ஓடோ வினோதமான கல்லோ தரையில் தென்பட்டால் எடுக்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, ஆசிரியர் மூலம் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பூண்டியில் அத்துறையின் பழைய கற்கால அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள்.

(முதல் வினாவின் விடை: 66 சி/3)