பீர்மேடும் கல்பாத்தியும்: இயற்பியல் மாணவர்க்கு ஒரு பாடம்

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் இயற்பியல் சொல்லித் தருகிறேன். பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "இன்ஜினியரிங்கோ மெடிக்கலோ கிடைக்காதவர்கள்தானே பி.எஸ்சி. போவார்கள்? அதைப் படித்து என்ன பயன்?" இதற்குப் பதிலாக, தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்களில் பிறந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள்.

பீர்மேட்டுப் பெண்

இன்றைய இடுக்கி மாவட்டத்தில், குமுளியைத் தாண்டி இருப்பது பீர்மேடு. 1918-ல் அங்கே ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா மாணி. தந்தை சிவில் இன்ஜினியர், ஏலத்தோட்டமும் உண்டு. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுத்தபோது, அதற்குப் பதில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றாராம்.

1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தார். மறு ஆண்டே உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். அங்கே சர் சி.வி. ராமனிடம் சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலையைப் படமெடுக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன.

1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய், வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். கருவிகளை இந்நாட்டிலேயே செய்வதற்காகச் சுமார் 100 கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

கல்பாத்திப் பிள்ளை

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வு செய்து, பின் வானிலைத் துறைக்கு வந்தார். 1948-ல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார்.

பலூன்களில் கருவி கட்டி அனுப்பிய ஆய்வுகளைக் கொண்டு, 1929-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதியது வியப்பானது: மேல்வானத்தின் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின்மேல் இல்லை, நிலநடுக்கோட்டின்மேல் இருக்கிறது! காரணம் என்ன? மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. வெயில் மிகுந்த நிலநடுக்கோட்டில் சூடான காற்று வெகு உயரம் எழுவதால், இந்தக் குளிர்ச்சி சுமார் 17 கி.மீ. வரை தொடர்கிறது. துருவத்தில் 8, 9 கி.மீ.யிலேயே நின்றுவிடுகிறது.

இந்திய தேசிய அறிவியல் கழகம் 1987-ல் அன்னா மாணிக்கு ஒரு பதக்கம் அளித்தது. அதன் பெயர் கே.ஆர். ராமநாதன் பதக்கம். கல்பாத்திக்காரர் பெயரால் பீர்மேட்டுக்காரருக்குப் பெருமை!

இன்று உள்ள வாய்ப்புகள்

இந்தியாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மத்திய அரசு 2008-ல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' உதவித்தொகை உண்டு. பிளஸ் டூவில் தம் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவீதத்தினருள் வந்து, பி.எஸ்சி. முதலிய அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்வோர் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கோடை விடுமுறை ஆய்வுக்கு. 1999-ல் தொடங்கிய கே.வி.பி.ஒய். திட்டமும் 2022-ல் இதனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இது தவிர, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தேசிய அளவில் தேர்வு நடத்திப் பதக்கம் தருகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தகுதி விதிகளை முதல் ஆண்டிலேயே படித்துவிடுங்கள். திறமை இருந்தும் ஒரு விதியால் பட்டம் கைநழுவியதை மேலே பார்த்தோம். மாணவர்களே, மனப்பாடத்தோடு நில்லாமல் உங்கள் கையால் ஏதேனும் ஒன்றை நாள்தோறும் அளந்து குறித்து வையுங்கள். வீட்டு வாசலின் வெப்பநிலையானாலும் போதும். ராமநாதனும் அன்னா மாணியும் வாழ்நாளெல்லாம் செய்தது அதுதான்.

பயிற்சி

1. ஒவ்வொரு கி.மீ. உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி குறைவதாகக் கொள்க. நிலநடுக்கோட்டில் தரையில் 30 டிகிரி என்றால், 17 கி.மீ. உயரத்தில் எவ்வளவு?

2. துருவப் பக்கம் தரையில் 0 டிகிரி என்றால், 9 கி.மீ. உயரத்தில் எவ்வளவு? இரண்டில் எது அதிகக் குளிர்?