நிற்கும் நிலை அறிதல்

நுழையும்முன்

கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, தரவை உரிய கணினிக்கு அனுப்பும் கருவி சுவிட்ச் ஆகும். தனக்கெனத் திரையோ விசைப்பலகையோ இல்லாத இக்கருவியை, மற்றொரு கணினியிலிருந்து சொற்களால் கட்டளையிட்டு அமைக்கலாம். எந்நிலையில் நின்று எக்கட்டளையை இடுவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நான்கு நிலைகள்

லியோனார்டு போசாக், சாண்டி லெர்னர் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் சிஸ்கோ. அந்நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். என்னும் இயக்க மென்பொருள், கட்டளைகளைப் பல நிலைகளாகப் பகுத்து வைத்துள்ளது. பழைய வீடொன்றில் திண்ணை, கூடம், உள்ளறை என இடத்திற்கேற்ப உரிமை வேறுபடுவதைப் போன்றது அப்பகுப்பு. அவற்றுள் அடிப்படையானவை நான்கு.

முதலாவது, பயனர் நிலை. இதன் தூண்டுகுறி ‘சுவிட்ச்>’ என அமையும். இங்குச் சில விவரங்களைப் பார்க்க இயலுமேயன்றி, அமைப்பை மாற்ற இயலாது.

‘எனேபிள்’ எனக் கட்டளையிட்டால் இரண்டாவதான சிறப்புரிமை நிலை வாய்க்கும். தூண்டுகுறி ‘சுவிட்ச்#’ என மாறும். கருவியின் அமைப்பு முழுவதையும் இங்குப் பார்க்கலாம். கருவியை மறுதொடக்கமும் செய்யலாம். ஆதலால், இந்நிலைக்குக் கடவுச்சொல் இட்டுக் காப்பது இன்றியமையாதது.

அடுத்து, ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்னும் கட்டளை பொது அமைவு நிலைக்கு இட்டுச் செல்லும். தூண்டுகுறி ‘சுவிட்ச்(கான்ஃபிக்)#’ ஆகும். கருவிக்குப் பெயரிடுதல் போன்று, கருவி முழுமைக்கும் உரிய மாற்றங்கள் இங்கு நிகழும்.

அங்கிருந்து ‘இன்டர்ஃபேஸ்’ என்னும் சொல்லுடன் ஒரு போர்ட்டின் பெயரையும் இட்டால், நான்காவதான இடைமுக நிலை வரும். தூண்டுகுறி ‘சுவிட்ச்(கான்ஃபிக்-இஃப்)#’ எனத் தோன்றும். இனி இடும் கட்டளை அந்தப் போர்ட்டை மட்டுமே சாரும்.

அமைவு நிலைகளில் ‘எக்ஸிட்’ ஒரு படி பின்னே கொணரும். ‘எண்ட்’ நேரே சிறப்புரிமை நிலைக்குக் கொணரும். கேள்விக்குறியை இட்டால், அந்நிலையில் செல்லுபடியாகும் கட்டளைகள் பட்டியலாக விரியும்.

தூண்டுகுறி சொல்லாத செய்தி

நிலையைக் காட்டும் தூண்டுகுறி, எந்தப் போர்ட் என்பதைக் காட்டுவதில்லை. இங்குதான் பிழை நேர்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவமனையின் சுவிட்சில் 24ஆம் போர்ட் தலைமை வலையமைப்போடு இணைந்துள்ளது எனக் கொள்வோம். பயன்பாட்டில் இல்லாத 5ஆம் போர்ட்டை மூட வேண்டும். பணியாளர் சற்றுமுன் 24ஆம் போர்ட்டின் இடைமுக நிலைக்குச் சென்றவர், அதைவிட்டு வெளிவரவில்லை. 5ஆம் போர்ட்டில் இருப்பதாக எண்ணி, ‘ஷட்டவுன்’ என இடுகிறார். கட்டளை அக்கணமே நிறைவேறுகிறது. அத்தளத்தின் கணினிகள் அனைத்தும் தொடர்பை இழக்கின்றன.

‘நோ ஷட்டவுன்’ என்று இட்டால் போர்ட் மீண்டும் திறக்கும். ஆயினும், அவர் அதே இணைப்பின் வழியாகத் தொலைவிலிருந்து பணிபுரிந்திருந்தால், அக்கட்டளையை இடவும் வழியிராது. ஒருவர் நேரில் சென்று, கன்சோல் கம்பிவடத்தை இணைத்துச் சரிசெய்ய நேரிடும்.

இருவகை அமைவுகள்

இடப்படும் மாற்றங்கள் முதலில் ‘இயங்கும் அமைவில்’ மட்டுமே பதிகின்றன. மின்சாரம் நின்றால் அவை அழியும். ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ எனக் கட்டளையிட்ட பின்னரே ‘தொடக்க அமைவில்’ நிலைபெறுகின்றன. சேமிக்க மறந்தால் நல்ல உழைப்பும் வீணாகும்; சரிபாராமல் சேமித்தால் பிழையும் நிலைத்துவிடும்.

இவ்வியல்பே பாதுகாப்புக்கும் உதவுகிறது. தொலைவிலிருந்து மாற்றம் செய்வதற்கு முன் ‘ரீலோட் இன் 10’ என இட்டால், பத்து நிமிடம் கழித்துக் கருவி மறுதொடக்கம் ஆகும். இடையில் தொடர்பு அறுந்தாலும், சேமிக்கப்படாத பிழை நீங்கிப் பழைய அமைவு திரும்பும். மாற்றம் சரியாக அமைந்தால், ‘ரீலோட் கேன்சல்’ என இட்டு மறுதொடக்கத்தை நீக்கிவிட்டுச் சேமிக்கலாம்.

போர்ட்டின் பெயரை மீண்டும் இட்டபின் கட்டளையிடுவதும், ‘ஷோ’ கட்டளையால் விளைவைச் சரிபார்த்த பின் சேமிப்பதும் சில நொடிகளில் முடிபவை. பலருடைய பணி தடைபடாமல் காப்பது அச்சிறு பழக்கமே.

கற்பவை கற்றபின்

1. நான்கு நிலைகளையும் அவற்றின் தூண்டுகுறிகளையும் அட்டவணைப்படுத்துக.
2. மருத்துவமனை எடுத்துக்காட்டில் பிழையைத் தவிர்த்திருக்கக்கூடிய வழிகளைக் குழுவில் கலந்துரையாடுக.