மன்னா கதை பாடப்போகும் தம்பிக்கு



மாஹிமில் அசன விருந்தன்று நீ வில்லுப்பாட்டாகப் பாடப்போகும் மன்னா கதையைப் படித்தேன். மெட்டு நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் முதல் பாட்டிலேயே இஸ்ரவேலரை நன்றிகெட்ட கூட்டம் என்று திட்டித் தீர்த்துவிட்டாய். அப்புறம் கதைக்கு என்ன மிச்சம்?

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை மறுபடி பார். எகிப்தை விட்டு ஒரு மாதம், சீன் வனாந்தரம், பசி. முறுமுறுத்தார்கள். தண்டனை ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் காடை, விடிந்ததும் வானத்து அப்பமான மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. பசித்தவன் முனகியதைக் கடவுள் பொறுத்துக்கொண்டார். தாராவியிலிருந்து வந்து உன் முன்னால் உட்காரப்போகிறவர்களுக்கு இது முக்கியம். அவசரமாகத் தாண்டிவிடாதே.

எண்ணாகமம் 11 வேறு கதை. அங்கே பசி இல்லை. மன்னாவை ஏந்திரத்தில் அரைக்கிறார்கள், உரலில் இடிக்கிறார்கள், அப்பம் சுடுகிறார்கள். எகிப்தில் சும்மா தின்ற மீனும் வெள்ளரியும் வெங்காயமும் பூண்டும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகின்றன. சும்மாவா தின்றார்கள்? செங்கல் அறுத்த முதுகு எங்கே போயிற்று? பிறந்த ஆண்பிள்ளைகளைப் பார்வோன் எறியச் சொன்ன ஆறும் அந்த மீன் நீந்திய ஆறும் ஒன்றுதானே! மன்னா சலித்துப்போனதை நான் மன்னிப்பேன். அடிமைச் சோற்றை விருந்தாக்கிப் பேசியதுதான் நன்றிகேடு.

நம் ஆட்களுக்கு இது சுடும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பட்டறைகளுக்கு வந்தவர்களைப் பஞ்சமும் சாதியும் துரத்தின. இன்று நாம் என்னவென்றால், ஊரில் எல்லாம் சும்மா கிடைத்தது என்கிறோம். நானும்தான். மீனும் வெங்காயமும் ஞாபகம் வரும் அந்த இடத்தில் குடத்தையும் உடுக்கையையும் நிறுத்திவிட்டு வெறும் பேச்சாகச் சொல். முறுமுறுப்பைப் பின்பாட்டுக்காரர்களிடம் கொடு. நீ சொல்வதற்கெல்லாம் "ஆமா" போடுகிறவர்கள், எகிப்து நல்ல ஊர் என்பதற்கும் ஆமா போடட்டும். கூட்டம் சிரிக்கும், பிறகு யோசிக்கும்.

மோசேயின் புலம்பலை ஏன் வெட்டினாய்? இந்த ஜனத்தை நானா பெற்றேன் என்று கடவுளிடம் கேட்டு, என்னைக் கொன்றுவிடும் என்கிறான். அதைச் சேர்.

நன்றி சொல்லும் குரல் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு புதன்கிழமை மாஹிம் புனித மிக்கேல் கத்தோலிக்கக் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போ. 1948 முதல் நடக்கிறது. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். சி.எஸ்.ஐ. பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டால் நான் அனுப்பினேன் என்று சொல். அங்கே நன்றிக் கடிதங்கள் வாசிப்பார்கள். உன் பாட்டில் இருக்கும் பெரிய பெரிய வார்த்தைகள் அவற்றில் இருக்காது.

எண்ணாகமம் 11 முடிவில் வரும் காடையோடும், அதற்கு ஆசைப்பட்டுச் செத்தவர்களின் கல்லறையோடும் முடிக்காதே. யோசுவா 5ஆம் அதிகாரம் வரை போ. கானானின் விளைச்சலைத் தின்ற மறுநாள் மன்னா நின்றது. 40 வருஷம் தின்ற மன்னாவுக்கு அன்று யாரும் நன்றி சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வில்லை இறக்கு.