கடலடியில் ஒரு சான்று

நுழையும்முன்

மண்ணில் புதைந்தவற்றை அகழ்ந்து அறிகிறோம். கடலில் மூழ்கியவற்றை எவ்வாறு அறிவது? கிடைக்கும் சான்று நம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் எதனை ஏற்பது? பூம்புகார்க் கடலில் கிடந்த ஒரு கப்பல் இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

மண்ணும் கடலும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. அங்குச் சங்கு வளையல்கள் கிடைத்தன. அகழாய்வில் ஒரு பொருள் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் பதிவு செய்த பின்னரே அதனை வெளியே எடுப்பர். கடலடி ஆய்வுக்கும் இதுவே முறை; களம் மட்டுமே வேறு.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. காற்று உருளையைச் சுமந்து இறங்கும் மூழ்குநர் குறிப்பிட்ட நேரமே அடியில் தங்க இயலும். உயர் அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அவர் விரைந்து மேலெழுந்தால் குமிழிகளாக மாறி உயிருக்கே தீங்கு விளைவிக்கும். இத்தகைய சூழலிலும் அளந்து, வரைந்து, படமெடுத்த பின்னரே பொருளைத் தொடுவர்.

ஈயம் சொன்ன செய்தி

பூம்புகார் சங்ககாலச் சோழர் துறைமுகம். அங்கு மூழ்கிய கப்பல் என்றதும் அது யவனர் மரக்கலமாக இருக்கும் என்றே எண்ணத் தோன்றும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் சிதைவுகளை ஆராய்ந்தனர். அங்குக் கிடைத்த ஈயக் கட்டிகளில் ‘பிளாக்கெட்’ என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் காணப்பட்டன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்திய குடும்பத்தின் பெயர்.

சிவகாசிப் பட்டாசுப் பெட்டியின் மேலுறையில் ஆலையின் பெயரையும் உற்பத்தி ஆண்டையும் கண்டிருப்பீர்கள். அவை பெட்டி உருவான இடத்தையும் காலத்தையும் கூறும். அது வெடிக்கப்பட்ட நாளைக் கூறா. ஈயக் கட்டியும் அவ்வாறே. கப்பல் மூழ்கிய ஆண்டை அது சொல்லவில்லை; 1792க்கு முன் மூழ்கியிருக்க இயலாது என்பதை மட்டும் உறுதிசெய்கிறது.

அக்கட்டிகளை எவரேனும் எடைக்கு விற்று உருக்கியிருந்தால், அந்த ஆண்டும் உருகிப் போயிருக்கும்; நம் ஊகமே வரலாறாக நின்றிருக்கும். இக்கண்டுபிடிப்பால் சங்ககாலக் கடல் வணிகத்தின் பெருமை குறையவில்லை. அதற்கு வேறு சான்றுகள் உள்ளன. சான்று காட்டும் எல்லைவரை செல்வதும், அங்கே நிற்பதும் ஆய்வின் அறமாகும்.

தெரியுமா?

1628இல் ஸ்டாக்ஹோம் அருகே மூழ்கிய ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் 1961இல் பெருமளவு சிதையாமல் மீட்கப்பட்டது. உப்புக் குறைந்த குளிர்ந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைக்கும் கடலுயிர்கள் பெருகுவதில்லை. வெப்பமான நம் கடலிலோ மரம் விரைவில் அரிக்கப்படுகிறது. உலோகமும் கல்லும் சுடுமண்ணுமே எஞ்சுகின்றன.

குறுவினா

1. மூழ்குநர் விரைந்து மேலெழுதல் கூடாது, ஏன்?
2. ஈயக் கட்டியிலுள்ள ஆண்டு எதனை உறுதிசெய்கிறது?

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கிடைத்த பழம்பொருள் ஒன்றைக் குறித்து, சான்றால் அறிந்தவை, ஊகித்தவை எனப் பிரித்து எழுதுக.