வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு

புற்றுநோய் மருத்துவத்தில் சேர வேண்டும், ஆய்வும் செய்ய வேண்டும் என்று நினைக்கும் இளம் மருத்துவரா நீங்கள்? முதலில் சி.எம்.எல். என்னும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோயின் கதையைப் படியுங்கள்.

1960-ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அது ஏன் குட்டை என்று தெரிய 13 ஆண்டுகள் ஆயின. சிகாகோ மருத்துவர் ஜேனட் ரவுலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஜோடி சேர்த்துப் பார்த்தார். 22-ஆம் குரோமோசோமில் காணாமல்போன துண்டு 9-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தது! இந்த இரு குரோமோசோம்களின் இடமாற்றத்தால் பிறக்கும் புரதம், பெருகு பெருகு என்று செல்லை ஓயாமல் விரட்டுகிறது. அதை அடக்கினால் நோய் அடங்குமா?

புற்றுநோய் மருத்துவர் பிரையன் டிரக்கர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சீபா-கெய்கி மருந்து நிறுவனத்தின் நிக்கோலஸ் லைடன் அனுப்பிய மூலக்கூறுகளைச் சோதித்தார். அவற்றில் ஒன்று நோயுற்ற செல்களைக் கொன்றது, நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. அதுதான் இமாடினிப். 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தினம் 300 மி.கி. அல்லது அதற்குமேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதில் உங்களுக்கான பாடம், நோயை அகலமாக அல்ல, ஆழமாகப் பிடிப்பது. ஒரு நோய், ஒரு கேள்வி போதும். வேதியியலாளரிடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். மூலக்கூறு அவர் கையில், நோயாளி உங்கள் கையில்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். சிலருக்கு மருந்து கேட்காமல் போனது. மருத்துவர் சார்லஸ் சாயர்ஸின் குழு, மீண்டும் நோய் தலைதூக்கியவர்களின் செல்களை எடுத்துப் பார்த்தபோது, பலரிடம் மருந்து பொருந்தும் இடத்திலேயே மரபணு மாறியிருந்தது. அப்படிப்பட்ட பல மாற்றங்களையும் மீறி வேலை செய்யும் தாசாடினிப் 2006-ல் வந்தது. ஆகவே சிகிச்சைக்கு முன் ஒரு மாதிரி, நோய் திரும்பினால் ஒரு மாதிரி, இரண்டையும் சேமியுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் நோயாளியின் சம்மதமும் முதல் நாளே கையில் இருக்கட்டும். ஃப்ரீசரில் இல்லாத மாதிரியைப் பிறகு எந்தப் பணமும் கொண்டுவராது.

எம்.பி.பி.எஸ். மாணவரென்றால் ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பிப்பெட்டை உங்கள் கையால் பிடித்துப் பழகுங்கள்; செய்து தோற்ற சோதனைதான் அடுத்தவர் தரவை நம்பலாமா என்று சொல்லித்தரும். மேல்படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது சம்பளத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் ஓ.பி. இல்லாமல் ஆய்வகத்தில் இருக்கலாம்? “பார்த்துக்கலாம் டாக்டர்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாள்களைக் குறிப்பிட்டு, நியமன ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.